ஒன்பதாவது படத்தை அழித்தவன்

லாண்டரியில் அவனுக்குக் கடிகாரம் என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் வருகைப் பதிவேட்டில் சும்மா கிடக்கும். காலை ஏழு ஐம்பதுக்கு கேட்டைத் தாண்டுவான். ஒரு நிமிஷம் முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. வாட்ச்மேன் தன் கைக்கடிகாரத்தை அவனைப் பார்த்துத்தான் திருப்பி வைத்துக்கொள்வார்.

வயது முப்பத்தாறு. ஆட்டிசம் உள்ளவன். இது எந்த டாக்டரிடம் போனால் சரியாகும் என்று கேட்கிறவர்களுக்கு அவன் அக்கா ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "உங்க மூஞ்சில உங்க மூக்கு இருக்கிற மாதிரி அது அவன்கிட்ட இருக்கு. மூக்குக்கு யாராவது மருந்து போடுவாங்களா?"

அவனுக்குக் கஷ்டம் எங்கே என்றால், ஒரு வேலையில் எது முதல், எது பிறகு என்று மனசுக்குள் கோர்ப்பதில்தான். குளிக்கப் போ என்றால் குளியலறையில் சொம்பும் கையுமாக அரை மணி நேரம் நிற்பான். சட்டையைக் கழற்றுவதா, குழாயைத் திறப்பதா, சோப்பைத் தேடுவதா? எல்லாம் ஒரே வாசலில் நுழையப் பார்த்து முட்டிக்கொள்ளும். அதற்குத்தான் போன். ஒவ்வொரு வேலைக்கும் அதில் ஒரு பட்டியல். ஒவ்வொரு படிக்கும் ஒரு போட்டோ, அதற்குக் கீழே ஒரு வரி. அடுப்புக்கு ஏழு படம், கதவைப் பூட்ட நாலு படம். ஒன்றை முடித்து விரலால் தட்டினால் அது பச்சையாகும், அடுத்தது வரும். பஸ் வராவிட்டால் என்ன செய்வது, யாராவது கத்தினால் எங்கே போய் நிற்பது, அதற்கெல்லாமும் பட்டியல் உண்டு. கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் உறையில் போட்டு அதைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பான்.

அந்தப் போனை வைத்துக்கொண்டுதான் மூன்று வருஷமாகத் தனியாக இருந்தான். டயர் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. கட்டில், ஒரு மேசை, ஒற்றை அடுப்பு, ஜன்னல் திறந்தால் ரப்பர் நாற்றம். அவனுக்கு அது அரண்மனை. காரணம் உண்டு. அம்மா போன பிறகு ஒன்பது வருஷம் அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருந்தவன் அவன். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். வீட்டார் எங்காவது போனால் போட்டுவிட்டுப் போவார்கள். அண்ணி கெட்டவள் இல்லை, அண்ணனும் இல்லை. பத்திரத்துக்குத்தான் போட்டார்கள். ஆனால் கோழியைக்கூடப் பத்திரத்துக்குத்தானே கூடையால் மூடுகிறோம்!

தனியே வந்த முதல் மாதம், பூட்டினோமா இல்லையா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து நாலு தடவை திரும்பி ஓடி வந்தான். அப்போது அக்கா ஒரு விதி போட்டுக் கொடுத்தாள். "சந்தேகம் வந்தா மனசைக் கேக்காதே. போனைக் கேளு. போன் சொல்றதுதான் சரி." அவன் விதியை மீறுகிறவன் இல்லை. அக்காவும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். வினை அதற்குள்ளே உட்கார்ந்திருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து ஸ்டாப்பில் நின்று 'வீட்டுக்கு' என்ற பட்டியலைத் திறந்தான். நாலாவது படத்தில் எப்போதும் இருபத்தேழாம் நம்பர் பஸ்ஸின் முகம் இருக்கும். அன்றைக்கு அறுபத்து மூன்று இருந்தது. இருபத்தேழு வந்தது, அவன் முன்னால் நின்றது, போனது. அறுபத்து மூன்று வந்தது. ஏறிவிட்டான்.

அடுத்த படம் 'டயர் கடை தெரிந்ததும் இறங்கு'. டயர் கடை தெரியவே இல்லை. ஒன்றரை மணி நேரம் ஓடி பஸ் டிப்போவுக்குள் போய் நின்றது. டிரைவர் இறங்கச் சொன்னார், இறங்கவில்லை. அதட்டினார், காதைப் பொத்திக்கொண்டு சீட்டுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டான். கழுத்து உறையில் இருந்த நம்பரைப் பார்த்து யாரோ அக்காவுக்குப் போன் போட்டார்கள். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள். போட்டிருந்த வெள்ளை உடுப்போடு ஓடி வந்தாள்.

"பஸ் நம்பரைப் பாக்கலியாடா?"

"பாத்தேன். அறுபத்தி மூணு."

"உன் பஸ் எது?"

"இருபத்தி ஏழு."

"அப்போ தெரிஞ்சேதான் ஏறினியா?"

"தெரியும். ஆனா போன்ல அறுபத்தி மூணு இருந்துச்சு. சந்தேகம் வந்தா மனசைக் கேக்காதேன்னு நீதானே சொன்னே."

எங்கேயோ கை பட்டுப் படம் மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அக்கா அவனை எழுப்பி வெளியே கூட்டிவந்தாள்.

மறுநாள் அண்ணன் வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஆபத்து அவசரத்துக்கு என்று அந்த அறைக்கு ஒரு மாற்றுச் சாவி அவரிடம் இருந்தது. கதவைத் தட்டுகிற பழக்கம் கிடையாது, திறந்துகொண்டு நேரே வந்து நின்றார்.

"இன்னிக்கு பஸ்ஸு, நாளைக்கு அடுப்பு. பத்தி எரிஞ்சா கீழே டயர் கடைக்காரனுக்கு யாரு பதில் சொல்றது? அடுத்த ஞாயித்துக்கிழமை வேனோட வரேன். துணிமணியைக் கட்டி வை."

"இது என் ரூம்."

"ரூம் எங்கயும் ஓடிப் போகாது. நீதான்டா ஓடிப் போறே," என்று சொல்லிவிட்டு அண்ணன் தானே சிரித்துக்கொண்டார்.

அன்று முழுக்க அவன் சாவியைக் கையை விட்டு இறக்கவில்லை. ராத்திரிச் சோற்றையும் அதைப் பிடித்த கையோடுதான் சாப்பிட்டான்.

லாண்டரியில் அவனோடு துவைக்கும் பகுதியில் வேலை பார்த்தவன் மைனர். அதுவும் பட்டப்பேர்தான். அழுக்குத் துணி அள்ளுகிற இடத்துக்கு சென்ட் அடித்துக்கொண்டு வருகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் மைனர் கூத்துக் கட்டினான். ஒரு நாற்காலிக்கு அடியில் உட்கார்ந்து, காதைப் பொத்தி, மூஞ்சியைக் கோணி, "டயர் கடை வரலியே... ஐயோ, டயர் கடை வரலியே!" என்றான். துணி வண்டி தள்ளுகிறவர்கள் சோறு புரையேறச் சிரித்தார்கள்.

கடிகாரம் சிரிக்கவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. யோசித்தான். டிப்போவில் நடந்தது ஊருக்கே பரவியிருக்கலாம். ஆனால் டயர் கடை? அது போனுக்குள் ஒரு வரியாக மட்டும் இருப்பது. வெள்ளிக்கிழமை மதியம் கை கழுவிவிட்டு வந்து போனை எடுத்தபோது உறையில் சென்ட் வாசனை அடித்ததும், அதை மூன்று தடவை துடைத்ததும் ஞாபகம் வந்தது. பட்டியலைத் திறந்து அடியில் பார்த்தான். கடைசியாக மாற்றியது, வெள்ளி, மதியம் பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. அந்த நேரம் அவன் குழாயடியில் நின்றிருந்தான். போனைத் திறக்கிற நம்பர் அவனுடைய பஸ் நம்பர்தான், இரண்டு தடவை. அது மைனருக்கும் தெரியும், வாட்ச்மேனுக்கும் தெரியும்.

இப்படிப்பட்டவர்களுக்குக் கோபதாபம் கிடையாது, குழந்தை மனசு என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். எவன் சொன்னது? பழி என்பது என்ன, ஞாபகம்தானே! ஞாபகத்தில் அவனை அடிக்க அந்த லாண்டரியில் ஆள் கிடையாது.

அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டான். "அக்கா, பழி வாங்குறதுக்கு எத்தனை படி?"

"எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் எப்பவோ வாங்கியிருப்பேன்டா. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்," என்று வைத்துவிட்டான். பிறகு தானே ஒரு புதுப் பட்டியல் போட்டான். தலைப்பு 'பழி'. அதில் மூன்று முகம். முதல் முகம் மைனர், அதுவும் பின்னாலிருந்து எடுத்தது, எண்ணெய் மினுங்கும் பிடரி. அதற்கு அடுத்த படம் காலண்டரில் வியாழக்கிழமை.

வியாழக்கிழமைக்குக் காரணம் இருக்கிறது. ஆஸ்பத்திரி டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகள் வாரத்தில் அந்த ஒரு நாள்தான் வரும். மஞ்சள் மூட்டையில் நூற்றிருபது கோட்டு. டாக்டர்கள் உயிரைக் காப்பாற்றுவார்கள், பேனாவைக் காப்பாற்ற மாட்டார்கள். பையிலேயே விட்டுவிடுவார்கள். ஒரு பேனா உள்ளே போனால் போதும், கொதிக்கிற தண்ணீரில் மை கக்கி மொத்தத் துணியும் போய்விடும். அதனால் பையைத் துழாவிவிட்டுத்தான் மெஷினில் போட வேண்டும். அது ஐந்தாம் நம்பர் மெஷின்காரன் வேலை, அதாவது மைனர் வேலை. அவன் ஒருநாளும் செய்ததில்லை. கடிகாரம் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த பழைய சூப்பர்வைசருக்கு மைனரின் லட்சணம் தெரியும். கடிகாரத்தின் வேலைப் பட்டியலில் ஒன்பதாவதாக ஒரு படத்தைச் சேர்த்துவிட்டார். 'வியாழன். ஐந்தாம் நம்பர். கோட்டுப் பைகளைப் பார்.' அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், படம் மட்டும் தங்கிவிட்டது. மூன்று வருஷமாக வாரம் தவறாமல் கடிகாரம்தான் பார்த்தான். எடுத்த பேனாக்களை நிறவாரியாகப் பிரித்துச் சோப்புத்தூள் டப்பாக்களில் போட்டு அறையில் வைத்திருந்தான். மூன்று டப்பா நிறைந்து நாலாவது ஓடிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அந்த ஒன்பதாவது படத்தைத் திறந்தான். 'அழிக்கவா? அழித்தால் திரும்ப வராது' என்று போன் கேட்டது. ஆம் என்று அழுத்தினான். ஒரு தடவை அழுத்தினால் போதும். காலி இடத்தின் மேல் இன்னொரு தடவையும் அழுத்தினான்.

வியாழன் வந்தது. மைனர் மஞ்சள் மூட்டையை அவிழ்த்தான். ஒரு கையில் போன், யாரிடமோ குழைந்து பேசிக்கொண்டே கோட்டுகளை அள்ளி மெஷின் வாயில் திணித்தான். கதவை மூடுவதற்கு முன் வழக்கம்போலத் தலையைத் திருப்பாமல் கேட்டான்.

"கடிகாரம், பாத்தாச்சா?"

"பட்டியல்ல இல்ல," என்றான் கடிகாரம். முணுமுணுக்கவில்லை, நன்றாக வாய்விட்டுத்தான் சொன்னான். வண்டி தள்ளுகிற ஒருவன் நின்று கேட்டுவிட்டுப் போனான்.

"சரி சரி," என்றான் மைனர், பொத்தானை அழுத்தினான், பேச்சைத் தொடர்ந்தான்.

துவைத்து வந்ததையாவது அவன் பார்த்திருக்கலாம். அதே பேச்சு மும்முரத்தில் ஈரத்தோடு அள்ளி உலர்த்தும் மெஷினில் போட்டுவிட்டான். சூட்டில் காய்ந்த மை சாமானியத்தில் போகாது. கதவு திறந்தபோது நூற்றிருபது வெள்ளைக் கோட்டும் நீலமும் சிவப்புமாக, அடிபட்டுக் கன்றிய உடம்பு மாதிரி வெளியே வந்து விழுந்தன.  கடிகாரம் தன் மூன்றாம் நம்பர் மெஷினில் சோப்புத்தூள் அளந்துகொண்டிருந்தான். 

மேனேஜர் அம்மா இறங்கி வந்தார்.

"பாக்கெட் யாரு பாத்தது?"

"இவன்தான் மேடம்," என்று மைனர் கடிகாரத்தைக் காட்டினான். "எப்பவும் இவன்தான் பாப்பான்."

"அஞ்சாம் நம்பர் யாருது?"

"என்னுதுதான். ஆனா பாக்கெட் பாக்குறது இவன். மூணு வருஷமா இவன்தான் மேடம், யாரை வேணா கேளுங்க!"

"மூணு வருஷமா உன் வேலையை அவன் செய்றான்னு நீயே சொல்றே?"

நுணல் தன் வாயால் கெட்டது. மைனருக்கு எரிச்சல் பொங்கியது. அந்த எரிச்சலை அப்படியே கடிகாரத்தின் மேல் கொட்டினான். "ஏன்டா இன்னிக்குப் பாக்கல?"

"அந்தப் படத்தை அழிச்சுட்டேன்."

"யாரைக் கேட்டுடா அழிச்சே?"

"நீ யாரைக் கேட்டு பஸ்ஸை மாத்தினே?"

மேனேஜர் அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன பஸ்ஸு?"

கடிகாரம் உறையிலிருந்து போனை எடுத்து நீட்டினான். வெள்ளி, பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. அறுபத்து மூன்றாம் நம்பர் படம். வேண்டுமென்றே அதை மாற்றாமல் வைத்திருந்தான். அந்த வாரம் முழுக்க வீட்டுக்கு மனசைக் கேட்டுத்தான் போயிருக்கிறான், இருபத்தேழில். டயர் கடை வரலியே என்று மைனர் நடித்ததையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னான்.

"சும்மா ஒரு விளையாட்டு மேடம். எங்கதான் போறான்னு பாக்கலாம்னு..."

"என் தம்பிக்கு நீ இப்படிச் செஞ்சிருந்தா உன் பல்லு உன் வாயில இருக்காது," என்றார் மேனேஜர் அம்மா. பிறகு கடிகாரத்தின் பக்கம் திரும்பினார். "பாக்கெட் பாக்கலன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னேன்."

"சொன்னான் மேடம்," என்றான் வண்டி தள்ளுகிறவன். "என் காதால கேட்டேன். இந்த ஆளு போன்ல கொஞ்சிக்கிட்டு இருந்தாரு."

மைனர் அன்றைக்கே வெளிக் கொட்டகைக்கு மாற்றப்பட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து ரத்தமும் சீழுமாக வருகிற விரிப்புகளைப் பிரித்துப் போடுகிற இடம் அது. எந்த சென்ட்டும் அங்கே எடுபடாது. கடிகாரம் போனில் முதல் முகத்தைத் தட்டினான். பச்சையானது.

ஒன்று மட்டும் அவன் கணக்கில் வரவில்லை. கிழிந்த துணி தைக்கிற அம்மாவைத்தான் கோட்டுகளை மருந்துத் தண்ணீரில் ஊறவைத்துக் கறை எடுக்க உட்கார வைத்தார்கள். மறுநாள் அவர் கை கொப்பளித்துப் போயிருந்தது. நேரே அவனிடம் வந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"உன் பழி நியாயம்தான், நான் இல்லன்னு சொல்லல. என் கை உனக்கு என்னடா பண்ணுச்சு?"

 பட்டியலில் அந்த அம்மா இல்லவே இல்லை. பழி வாங்குகிற எல்லோரும் விடுகிற படி அது. கொஞ்ச நேரம் அந்தக் கைகளையே பார்த்தான். பிறகு தன் ரப்பர் கையுறைகளை மாட்டிக்கொண்டு, மீதிக் கோட்டுகளின் முன்னால் போய் உட்கார்ந்தான். வெள்ளியும் சனியும் சாப்பாட்டு நேரத்தில்கூட எழவில்லை. அதற்காக மைனரிடம் இளகிவிட்டான் என்று யாரும் நினைக்க வேண்டாம். சனிக்கிழமை மைனர் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"நீயும் செஞ்சே, நானும் செஞ்சேன். சரிக்குச் சரியாப் போச்சுப்பா. மேடத்துக்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லேன்."

"என்ன வார்த்தை?"

"மன்னிச்சுட்டேன்னு."

"மன்னிக்கல," என்றான் கடிகாரம், கோட்டைப் பிழிந்துகொண்டே.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வேனோடு வந்தார். பின்னாலேயே அக்காவும் மாடியேறி வந்தாள். அண்ணன் வழக்கம்போல மாற்றுச் சாவியை நுழைத்தார். திரும்பவில்லை. இந்தப் பக்கம் திருகினார், அந்தப் பக்கம் திருகினார். வேர்த்ததுதான் மிச்சம்.

முந்தின நாள் சாயங்காலம் பூட்டுக்காரரைக் கூட்டிவந்து புதுப் பூட்டு போட்டிருந்தான் கடிகாரம். அதற்கான எட்டுப் படங்களையும் அவனே எடுத்து, அவனே வரி எழுதியிருந்தான்.

"டேய்! கதவைத் திற!"

"யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அண்ணன்டா. வேன் கொண்டு வந்திருக்கேன்."

"நான் வேன் கேக்கல."

"பெரியவனை வெளியே நிக்க வச்சுப் பேசுவியா நீ?"

"ஒன்பது வருஷம் நான் உள்ளே நின்னு பேசினேன். நீ அரை மணி நேரம் வெளியே நில்லு."

 அண்ணன் கதவில் ஒரு குத்து விட்டார், கை வலித்தது, உதறிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். டயர் கடைக்காரர் கீழேயிருந்து எட்டிப் பார்த்து, "பூட்டு ரிப்பேரா?" என்று கேட்டார்.  அக்கா அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, வியாழக்கிழமை நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னாள். மேனேஜர் அம்மா அவளுக்குப் போன் செய்திருந்தார். அண்ணன் முதலில் மைனரின் பரம்பரையையே திட்டினார். பிறகு பேனா கதையைக் கேட்டார். பிறகு தாடையைத் தேய்த்துக்கொண்டார்.

சரியாக முப்பதாவது நிமிஷம் உள்ளே போனில் அலாரம் அடித்தது. கதவு திறந்தது.

அண்ணன் அறையைச் சுற்றிப் பார்த்தார். அடுப்பு அணைந்திருந்தது, குமிழும் மூடியிருந்தது. படுக்கை விரிப்பு, லாண்டரிக்காரன் மடிப்பில் கத்தி மாதிரி இருந்தது. மேசையில் பேனா டப்பாக்கள். ஒன்றைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தார், கலகலவென்றது.

"ஏம்மா," என்றார் தங்கையிடம், "இவ்வளவு பழி மனசுல வச்சிருக்கிறவனைக் கூட்டிட்டுப் போய் நான் எப்படித் தூங்குறது? இங்கயே கிடக்கட்டும்."

உதவாத மாற்றுச் சாவியை மேசைமேல் போட்டுவிட்டு இறங்கிப் போனார். காலி வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. கடிகாரம் இரண்டாவது முகத்தைத் தட்டினான்.

அக்கா நிம்மதியாக மூச்சு விட்டாள். பிறகு பழக்க தோஷம், தன் போனை எடுத்து அவன் பட்டியல்களைத் திறந்தாள். அவன் எங்கே இருக்கிறான், எதை முடித்தான் என்பதெல்லாம் அவள் போனிலும் தெரியும். அவளால் அங்கேயிருந்தே மாற்றவும் முடியும். இன்றைக்கு 'அனுமதி இல்லை' என்று வந்தது.

"என்னடா இது? திறக்க மாட்டேங்குது."

அவன் தன் போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். பழிப் பட்டியலின் மூன்றாவது முகம். அவளுடைய முகம், வெள்ளை உடுப்போடு, டிப்போ வாசலில் எடுத்தது.

"நானா? நான் என்னடா பண்ணேன் உனக்கு?"

"மனசைக் கேக்காதேன்னு சொன்னே. மனசு இருபத்தி ஏழுன்னு சரியாச் சொல்லிச்சு. நீ சொன்னதாலதான் நான் அதைக் கேக்கல."

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். அழுவாள் போல இருந்தது, அழவில்லை. எத்தனையோ பேர் கையில் ஊசி குத்தியிருக்கிறாள். இது அவளுக்கு முதல் குத்து.

"எப்போ மறுபடியும் திறந்து விடுவே?"

"விட மாட்டேன்," என்று சொல்லி அவள் முகத்தைத் தட்டினான். பச்சையானது. பட்டியல் முடிந்தது.

அவள் எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். வாசல் வரை போனவள் தாங்காமல் திரும்பினாள்.

"தப்பு பஸ்ல ஏறிட்டா என்னடா செய்வே?"

"இறங்குவேன்."

அவள் படியில் இரண்டு எட்டு வைத்ததும் பின்னால் கதவு மூடியது. புதுப் பூட்டு இரண்டு தடவை திரும்புகிற சத்தம் கேட்டது, உள்பக்கமிருந்து.